லோக்கல்ஹோஸ்ட் உங்க ரூம் இல்ல

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். ஒரு நேயர் அனுப்பின கேள்விக்குப் பதில் சொல்லலாம்னு உட்கார்ந்தேன். ரெண்டு வரியில முடிச்சிருக்கலாம். ஆனா அவங்க கேட்டதுக்குப் பின்னாடி அவங்க கேட்காத ஒரு விஷயம் இருந்தது. அதுதான் பெருசு. அதனால முழு எபிசோடாவே பேசிடறேன்.

கேள்வி இதுதான். காலேஜ் முடிச்ச நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு ரத்த தானப் பட்டியல் நடத்தறாங்க. பேர், ரத்தப் பிரிவு, ஏரியா, கடைசியா எப்ப ரத்தம் குடுத்தாங்க, போன் நம்பர். ஆயிரத்துக்கு மேல பேர் பதிவு பண்ணியிருக்காங்க. ஆப் நோட் ஜேஎஸ்ல எழுதினது, டேட்டாபேஸ் மாங்கோ டிபி. இது ஓடறது அவங்க சொந்த சர்வர்ல இல்ல. பல பேருக்கு அக்கவுன்ட் குடுத்திருக்கிற ஒரு பொது சர்வர்ல இவங்களுக்கும் ஒரு அக்கவுன்ட். ரூட் அனுமதி கிடையாது. அந்த சர்வர் எப்பவாவது ரீபூட் ஆகும்போது டேட்டாபேஸ் படுத்துடுது. யாராவது உள்ளே போய்க் கையால கிளப்பணும். ஒரு தடவை ராத்திரி அப்படி ஆகி, காலையில வரைக்கும் யாருக்கும் தெரியல. அந்த நேரத்துல ஓ நெகட்டிவ் தேடி வந்த ஒருத்தருக்கு வெறும் எரர் பக்கம்தான் கிடைச்சிருக்கு. "டேட்டாபேஸ் தானா ஸ்டார்ட் ஆக என்ன பண்ணணும்?" இவ்வளவுதான் கேட்டிருந்தாங்க.

மெயில்ல அவங்க டேட்டாபேஸைக் கிளப்புற கமாண்டையும் ஒட்டியிருந்தாங்க. மாங்கோ-டி, டேட்டா ஃபோல்டர் பாதை, போர்ட் நம்பர், அப்புறம் பின்னணியில ஓடச் சொல்ற ஃபோர்க். அவ்வளவுதான். 'ஆத்' அப்படிங்கற வார்த்தை அதுல இல்ல. அதாவது யார் கதவைத் தட்டினாலும் "நீ யாரு"ன்னு கேட்காம திறந்துவிடற டேட்டாபேஸ். இதைத் தானா ஸ்டார்ட் ஆக வெச்சா, திறந்த கதவும் தானா திறக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுல என்ன ஆபத்துன்னு கேட்கறவங்க அந்தப் பட்டியலை நினைச்சுப் பாருங்க. அதுல பாதிப் பேர் பெண்கள். அவசரத்துக்கு யாராவது கூப்பிடுவாங்கன்னு நம்பித் தன் சொந்த நம்பரைக் குடுத்தவங்க. அந்தப் பட்டியல் வெளியே போனா ராத்திரி 11 மணிக்கு "ஹாய்"னு மெசேஜ் வரும். ரெண்டு தடவை அப்படி வந்தா அவங்க நம்பரை மாத்துவாங்க, பட்டியல்ல இருந்து பேரை எடுக்கச் சொல்லுவாங்க. அடுத்த தடவை யாரோ ரத்தம் தேடும்போது அந்தப் பேர் இருக்காது. நான் இந்த விஷயத்தைப் பேங்க் பணம் திருடு போறதை விடக் கம்மியா நினைக்கல.

சரி, "எங்க டேட்டாபேஸ் இன்டர்நெட்டுக்குத் திறந்து இல்லையே, லோக்கல்ஹோஸ்ட்ல மட்டும்தானே கேக்குது"ன்னு அவங்க பதில் அனுப்பினாங்க. நியாயமான பதில்தான். இதுக்கு ஒரு பின்கதை இருக்கு.

2016 கடைசி, 2017 ஜனவரி. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மாங்கோ டிபி சர்வர்கள் பாஸ்வேர்டே இல்லாம இன்டர்நெட்டைப் பார்த்துத் திறந்து கிடந்தது. 27017 அப்படிங்கற டீஃபால்ட் போர்ட்டைத் தட்டிப் பார்த்துக்கிட்டே போனா போதும். சிலர் அப்படியே போனாங்க. உள்ள இருந்ததை அழிச்சுட்டு, "0.2 பிட்காயின் அனுப்பு, டேட்டாவைத் திருப்பித் தரோம்"னு ஒரு குறிப்பு மட்டும் வெச்சுட்டு வந்தாங்க. சில வாரத்துக்குள்ள 27,000-க்கும் மேல டேட்டாபேஸ் இப்படிப் போச்சு. இதுல கேவலம் என்னன்னா, பல இடத்துல அவங்க டேட்டாவைக் காப்பியே எடுக்கல, சும்மா அழிச்சாங்க. ஒரு கும்பல் வெச்ச குறிப்பை இன்னொரு கும்பல் அழிச்சுட்டுத் தன் குறிப்பை வெச்ச கதையும் நடந்தது. பணம் கட்டினவனுக்கு யார்கிட்ட கட்டினோம்னுகூடத் தெரியாது. அதே வருஷக் கடைசியில வந்த 3.6 பதிப்புல இருந்து மாங்கோ டிபி டீஃபால்ட்டாவே லோக்கல்ஹோஸ்ட்ல மட்டும் கேட்கும்னு மாத்தினாங்க. ரொம்பத் தேவையான மாற்றம்.

ஆனா கவனிங்க. அது ஒரு மெஷின்ல ஒரே ஆள் இருக்கறதா நினைச்சு வெச்ச பாதுகாப்பு. நம்ம நண்பர்கள் இருக்கறது பொது சர்வர். திருவல்லிக்கேணி மேன்ஷன் பார்த்திருப்பீங்க. தெருவுல இருந்து வர்றவங்களுக்குக் கீழ கேட்ல ஒரு பூட்டு. உள்ள வந்துட்டா ஒரே நீள வராண்டா, ரெண்டு பக்கமும் ரூம்கள். லோக்கல்ஹோஸ்ட், அதாவது 127.0.0.1, அந்த வராண்டா மாதிரி. உங்க ரூம் மாதிரி கிடையாது. அந்த மெஷின்ல அக்கவுன்ட் வெச்சிருக்கிற ஒவ்வொருத்தருக்கும் லோக்கல்ஹோஸ்ட் ஒண்ணேதான். நீங்க வராண்டாவுல பெட்டியை வெச்சுட்டு "கேட் பூட்டியிருக்கே"ன்னு சொல்றீங்க. பக்கத்து ரூம்காரர் நல்லவரா இருக்கலாம். ஆனா அவரோட பழைய வேர்ட்பிரஸ் தளத்துல ஒரு ஓட்டை இருந்து, அது வழியா எவனாவது உள்ள வந்தா, அவனும் இப்ப வராண்டாவுலதான் நிக்கறான்.

இது ஹோஸ்டிங் கம்பெனிக்கு மட்டும் இல்ல. காலேஜ் லேப் சர்வர், ஆபீஸ்ல எல்லாருக்கும் லாகின் குடுத்திருக்கிற டெஸ்ட் மெஷின், நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து வாடகைக்கு எடுத்த விபிஎஸ், எல்லாமே இந்தக் கணக்குதான்.

அப்ப முதல் வேலை ஆத் போடறது. இதுலதான் பொது சர்வர்ல மட்டும் கடிக்கிற ஒரு கண்ணி இருக்கு. மாங்கோ டிபியில ஆத்-ஐ ஆன் பண்ணி, யூசர் யாரையும் இன்னும் உருவாக்கலைன்னா, லோக்கல்ஹோஸ்ட்ல இருந்து வர்றவருக்கு ஒரு சலுகை உண்டு. முதல் யூசரை அவர் உருவாக்கிக்கலாம். இதுக்குப் பேரே லோக்கல்ஹோஸ்ட் எக்ஸெப்ஷன். உங்க லேப்டாப்ல இது வசதி. மேன்ஷன்ல? நீங்க ஆத் போட்டு ஸ்டார்ட் பண்ணி, டீ குடிச்சுட்டு வந்து அட்மின் யூசரை உருவாக்கலாம்னு இருந்தா, நடுவுல வராண்டாவுல போற யார் வேணா உங்க டேட்டாபேஸுக்கு முதல் அட்மின் ஆகலாம். நடக்குமான்னா, பெரும்பாலும் நடக்காது. ஆனா தவிர்க்கறது ரொம்ப சுலபம்.

எப்படின்னா, வராண்டா பக்கமே போகாம உங்க ரூமுக்குள்ளயே வேலையை முடிக்கணும். அதுக்கு யூனிக்ஸ் சாக்கெட். ஒரே மெஷின்ல இருக்கிற ரெண்டு புரோகிராம் பேசிக்கப் போர்ட் நம்பர் தேவையில்ல, ஒரு ஃபைல் போதும். ஃபைல்னா அதுக்கு அனுமதி வைக்கலாம், பார்த்தீங்களா? போர்ட்டுக்கு அப்படி வைக்க முடியாது. 127.0.0.1-ல ஒரு போர்ட்டை இந்த யூசர் மட்டும் தொடலாம்னு ரூட் இல்லாத நம்மால சொல்ல முடியாது. ஆனா ஒரு ஃபோல்டரை 700-ன்னு சி.எச்.மோட் பண்ணா, நமக்கும் ரூட்டுக்கும் தவிர வேற யாருக்கும் உள்ள வழி கிடையாது. அந்த ஃபோல்டருக்குள்ள சாக்கெட் இருந்தா கதை முடிஞ்சது.

மாங்கோ டிபியோட கான்ஃபிக் ஃபைல்ல 'பைண்ட் ஐபி'ங்கற இடத்துல ஐபி முகவரிக்குப் பதிலா சாக்கெட் ஃபைலோட முழுப் பாதையையே குடுக்கலாம். இது பல பேருக்குத் தெரியாது. இன்னொன்னு, அது டீஃபால்ட்டா டி.எம்.பி ஃபோல்டர்லயும் போர்ட் நம்பர் பேர்ல ஒரு சாக்கெட் ஃபைலை உருவாக்கும். டி.எம்.பி எல்லாருக்கும் பொது. பக்கத்து ரூம்காரர் அதே பேர்ல ஏற்கெனவே ஒண்ணு வெச்சிருந்தா, உங்களால அதை அழிக்க முடியாது, உங்க டேட்டாபேஸ் கிளம்பவே கிளம்பாது. அதனால அந்தப் பாதையையும் உங்க ஃபோல்டருக்கு மாத்திடுங்க. போர்ட் நம்பரையும் 27017-லேயே விடாம வேற ஏதாவது வெச்சுக்குங்க.

முதல் தடவை ஆத் இல்லாம, சாக்கெட் மட்டும் வெச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. அட்மின் யூசரை உருவாக்குங்க. அப்புறம் ஆப்-க்குன்னு தனி யூசர். அதுக்கு அந்த ஒரு டேட்டாபேஸ்ல மட்டும் படிக்க, எழுத உரிமை. ஆப்-ஐ அட்மின் பேர்ல ஓட விடாதீங்க, ப்ளீஸ். முடிஞ்சதும் நிறுத்துங்க. கான்ஃபிக்ல ஆத் ஆன் பண்ணி மறுபடி கிளப்புங்க. ஆப் பக்கம் கனெக்‌ஷன் முகவரியில சாக்கெட் பாதையை எழுதும்போது சாய்கோடு வர்ற இடத்துல எல்லாம் சதவீதக் குறி, 2, எஃப்னு எழுதணும். அதை விட்டுட்டா வர்ற எரரைப் பார்த்து ஒண்ணும் புரியாது.

அப்போ சாக்கெட்டே பூட்டியிருக்கே, ஆத் எதுக்குன்னு கேட்கலாம். நாளைக்கு எவனாவது உங்க ஆப்-ஓட கோட்ல புகுந்தா, அவன் உங்க யூசராவே இருப்பான், சாக்கெட் அவனைத் தடுக்காது. அப்பவாவது அவன் கைல இருக்கறது ஆப் யூசரோட சின்ன உரிமைகளா இருக்கட்டும்.

அடுத்தது பாஸ்வேர்ட் எங்க இருக்குங்கறது. இதை நான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேசறேன், ஏன்னா பொது சர்வர்ல பாஸ்வேர்ட் கசியற வழிகள் ரொம்ப சாதாரணமா இருக்கும். ஹேக்கர் படம் எல்லாம் தேவையே இல்ல. 'பி.எஸ்'னு ஒரு கமாண்ட். மெஷின்ல என்னென்ன ஓடுதுன்னு காட்டும். பல சர்வர்ல அது மத்தவங்க ஓட்டறதையும், முழு கமாண்ட் வரியோட காட்டும். நிர்வாகி அதை மறைக்க ஏற்பாடு பண்ணியிருந்தா தப்பிச்சீங்க. இல்லைன்னா, கமாண்ட்ல பாஸ்வேர்டைச் சேர்த்து டைப் பண்ணி நீங்க பேக்கப் எடுக்கிற அந்த நிமிஷம் அது வராண்டாவுல ஒட்டின நோட்டீஸ். போதாததுக்கு பாஷ் ஹிஸ்டரி ஃபைல்லயும் அது உட்கார்ந்துக்கும். அதனால கமாண்ட் வரியில பாஸ்வேர்ட் குடுக்காதீங்க. அது கேட்கட்டும், அப்ப டைப் பண்ணுங்க. தானா ஓடற ஸ்கிரிப்டுக்கு 600 அனுமதி வெச்ச ஒரு ஃபைல்ல இருந்து படிக்க வைங்க.

ஆப்-ஓட கான்ஃபிக் ஃபைலும் அப்படித்தான். நிறைய சர்வர்ல புது ஃபைல் உருவானா எல்லாரும் படிக்கலாம்னுதான் அனுமதி இருக்கும், 644. உங்க ஹோம் ஃபோல்டரும் மத்தவங்க நுழையற மாதிரி இருந்தா, பக்கத்து ரூம்காரர் ஒரு கேட் கமாண்ட் போட்டா உங்க பாஸ்வேர்ட் அவர் ஸ்கிரீன்ல. பிஹெச்பி தளங்களுக்கு இதுல கூடுதலா ஒரு சிக்கல். பழைய முறையில அமைச்ச சர்வர்கள்ல எல்லாரோட பிஹெச்பியும் ஒரே அப்பாச்சி யூசர் பேர்ல ஓடும். உங்க கான்ஃபிக்கை அப்பாச்சி படிச்சே ஆகணும். அப்ப அதே அப்பாச்சி பேர்ல ஓடற பக்கத்து தளத்தோட கோடும் அதைப் படிக்கலாம். அங்க சி.எச்.மோட் ஒண்ணும் செய்யாது. ஹோஸ்டிங் எடுக்கும்போது "ஒவ்வொரு அக்கவுன்ட்டோட பிஹெச்பியும் தனித்தனி யூசர் பேர்ல ஓடுமா?"ன்னு கேளுங்க. பதில் தெரியாம முழிச்சா அந்த இடம் வேணாம்.

சரி, இப்ப அவங்க கேட்ட கேள்விக்கு வர்றேன். தானா ஸ்டார்ட் ஆகறது.

ரூட் உரிமை இருந்தா இது அஞ்சு நிமிஷ வேலை. சிஸ்டம்-டியில ஒரு சர்வீஸ். அதுல 'ஸ்டார்ட்'ன்னா இப்ப கிளம்பு, 'எனேபிள்'ன்னா அடுத்த ரீபூட்ல இருந்து நீயே கிளம்பு. ஸ்டார்ட் மட்டும் பண்ணிட்டு எனேபிளை மறந்தவங்க ஊர் முழுக்க இருக்காங்க. எல்லாம் மாசக்கணக்கா நல்லா ஓடும், ஒரு நாள் கெர்னல் அப்டேட் வந்து ரீபூட் ஆனதும் தளம் காணாமப் போகும். செயலிழந்தா மறுபடி கிளப்புன்னு சொல்ற வரியையும் சேர்த்துட்டா வேலை முடிஞ்சது.

ரூட் இல்லாதவங்களுக்குக் கிரான். அதுல 'அட் ரீபூட்'னு ஒரு வரி போடலாம், மெஷின் எழுந்ததும் ஓடும். இன்டர்நெட்ல தேடினா எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க. தப்பில்ல, ஆனா பாதிதான். ரீபூட் ஆனா கிளம்பும். நடுவுல டேட்டாபேஸ் மட்டும் செத்தா? மெஷின் உயிரோட இருக்கும், கிரான் எதுவும் பண்ணாது. பொது சர்வர்ல ரீபூட்டை விட இதுதான் அடிக்கடி நடக்கும். ஏன்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

அதனால சில பேர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டுவாங்க. "பி.ஐ.டி ஃபைல்ல இருக்கிற நம்பர்ல ஏதாவது ஓடுதா, ஓடலைன்னா கிளப்பு." இது ரீபூட்டுக்கு அப்புறம் ஏமாத்தும். பழைய பி.ஐ.டி ஃபைல்ல 2140-ன்னு இருக்குன்னு வைங்க. மெஷின் புதுசா எழுந்த பிறகு அதே 2140 வேற எதுக்காவது போயிருக்கும். ஸ்கிரிப்ட் பார்த்துட்டு, "ஓடுதே"ன்னு போயிடும். டேட்டாபேஸ் படுத்தேதான் இருக்கும்.

எனக்குப் பிடிச்ச வழி வேற. எஃப், எல், ஓ, சி, கே, அதாவது எஃப்-லாக்னு ஒரு சின்ன கமாண்ட் பெரும்பாலான லினக்ஸ்ல ஏற்கெனவே இருக்கு. ஒரு ஃபைலைப் பூட்டிக்கிட்டு, பூட்டு கிடைச்சா மட்டும் குடுத்த கமாண்டை ஓட்டும். பூட்டு ஏற்கெனவே யார்கிட்டயாவது இருந்தா சத்தமில்லாம போயிடும். அதுக்கு மைனஸ் என். கிரான்ல ஒவ்வொரு நிமிஷமும் "எஃப்-லாக் பிடி, மாங்கோ-டியை இந்தக் கான்ஃபிக்கோட ஓட்டு"ன்னு ஒரே ஒரு வரி. மாங்கோ-டியை ஃபோர்க் இல்லாம முன்னணியில ஓட விடணும், அதுதான் முக்கியம். அது உயிரோட இருக்கிற வரைக்கும் பூட்டு அதுகிட்ட. எப்படிச் செத்தாலும், மெஷினே மின்சாரம் போய்ச் செத்தாலும், பூட்டைக் கெர்னலே விடுவிச்சுடும். பி.ஐ.டி ஃபைல் மாதிரி பழைய பேய் கிடையாது. அடுத்த நிமிஷம் வர்ற கிரான் பூட்டைப் பிடிச்சுக் கிளப்பும். தனியா ரீபூட் வரிகூட வேண்டாம்.

கிரான்ல ஒரு பழைய தலைவலி. உங்க டெர்மினல்ல ஓடற கமாண்ட் கிரான்ல "அப்படி ஒண்ணு இல்லையே"ன்னு சொல்லும். கிரானுக்கு உங்க பாத் எல்லாம் தெரியாது. மாங்கோ-டி எங்க இருக்குன்னு முழுப் பாதையையும் எழுதுங்க.

இப்ப, டேட்டாபேஸ் ஏன் நடுவுல சாகும்னு சொல்றேன்னு சொன்னேன்ல. மெமரி. மாங்கோ டிபியோட வயர்டு டைகர் எஞ்சின், தன் கேஷுக்கு எவ்வளவு மெமரி எடுக்கலாம்னு தானே கணக்குப் போடும். மெஷின்ல இருக்கிற மொத்த ராம்ல 1 ஜிபி கழிச்சு, மீதியில பாதி. அல்லது 256 எம்பி. ரெண்டுல எது பெருசோ அது. பொது சர்வர்ல 64 ஜிபி ராம் இருக்குன்னு வைங்க. 63-ல பாதி 31.5 ஜிபி தனக்குன்னு உங்க டேட்டாபேஸ் நினைச்சுக்கும். உங்க அக்கவுன்ட்டுக்கு அனுமதி 1 ஜிபியா இருக்கும். டேட்டா சேரச் சேர கேஷ் வீங்கும், ஒரு நாள் நிர்வாகியோட கண்காணிப்பு ஸ்கிரிப்ட் வந்து மண்டையில போடும். கல்யாண வீட்டுல வந்தவர் மொத்தப் பந்தியையும் தனக்குப் போட்ட இலைன்னு நினைச்ச மாதிரிதான். கான்ஃபிக்ல கேஷ் அளவை 0.25 ஜிபின்னு கட்டிப் போடுங்க. ஆயிரம் பேர் பட்டியலுக்கு அதுவே ஜாஸ்தி.

இந்த அளவைக் கட்டாம தானா ஸ்டார்ட் ஆக மட்டும் வெச்சீங்கன்னா என்ன ஆகும்? சாகும், ஒரு நிமிஷத்துல எழும், மறுபடி சாகும். வெளியில பார்க்கறவங்களுக்குத் தளம் "கொஞ்சம் ஸ்லோ". அதனால ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் தேதி, நேரத்தோட ஒரு வரி ஒரு ஃபைல்ல எழுத வைங்க. வாரத்துக்கு ஒரு தடவை அதைத் திறந்து பாருங்க. அதுல நாலு வரிக்கு மேல இருந்தா ஏதோ சரியில்ல.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நினைக்கிற இடம். இந்த எபிசோட்ல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் இருந்தா இது இருக்கட்டும். டேட்டாபேஸைப் பூட்டறதும் தானா கிளப்பறதும் ரெண்டு தனித்தனி வேலைன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. பொது சர்வர்ல அது ஒரே வேலை.

ஏன்னு பாருங்க. நீங்க கையால ஸ்டார்ட் பண்ணும்போது ஆத் போட்டு ஸ்டார்ட் பண்றீங்க. கிரான்ல மட்டும் எப்பவோ எழுதின பழைய வரி, ஆத் இல்லாம. ஒரு ராத்திரி ரீபூட். கிரான் பழைய வரியில கிளப்புது. இப்ப ஆப் என்ன ஆகும்? எரர் வரும்னு நினைப்பீங்க. வராது! ஆத் இல்லாம ஓடற மாங்கோ டிபிகிட்டயும் நீங்க பேரும் பாஸ்வேர்டும் குடுத்தா, சரி பார்த்து உள்ள விடும். பேரே சொல்லாம வர்றவரையும் விடும், அவ்வளவுதான். ஆப் ஓடுது, பக்கம் திறக்குது, எல்லாம் பச்சை. கதவு மட்டும் திறந்திருக்கு. லாக் ஃபைல்ல ஒரு எச்சரிக்கை வரும், ஆனா லாக் ஃபைலை யார் படிக்கறா?

இன்னொன்னு. 1024-க்கு மேல இருக்கிற போர்ட் யார் முதல்ல பிடிச்சாலும் அவருக்கு. ரீபூட்டுக்கு அப்புறம் உங்க டேட்டாபேஸ் எழறதுக்குள்ள பக்கத்து ரூம்காரரோட மாங்கோ டிபி, தற்செயலா, அதே போர்ட்டைப் பிடிச்சுக்கிட்டா? ரெண்டு பேருமே ஆத் இல்லாம இருந்தா, உங்க ஆப் அவரோட டேட்டாபேஸ்ல போய்ச் சமத்தா எழுத ஆரம்பிக்கும். புதுசா பதிவு பண்ற நன்கொடையாளர்கள் எல்லாம் அவர் வீட்டுல. ரீபூட்ங்கறது பூட்டெல்லாம் ஒரு நொடி கழண்டு மறுபடி மாட்டற நேரம். உங்க 700 ஃபோல்டருக்குள்ள சாக்கெட் இருந்தா இந்த ஓட்டப்பந்தயமே கிடையாது, அங்க வேற யாரும் உட்கார முடியாது.

அதனால எல்லா அமைப்பும் ஒரே கான்ஃபிக் ஃபைல்ல இருக்கணும். ஆத், சாக்கெட், கேஷ் அளவு எல்லாம். கையால கிளப்பினாலும் கிரான் கிளப்பினாலும் அதே ஃபைல். கமாண்ட் வரியில எந்த அமைப்பும் எழுதக் கூடாது.

அப்புறம் சோதனை. ரீபூட் பண்ண உங்களுக்கு உரிமை இல்ல, ஆனா மாங்கோ-டிக்கு ஒரு சாதாரண கில் அனுப்பலாம். மைனஸ் 9 வேணாம், அது முடிச்சுக்க நேரம் குடுக்காது. ஒரு நிமிஷம் காத்திருங்க. எழுந்ததும் ரெண்டு விஷயம் பாருங்க. ஆப் வேலை செய்யுதான்னு பார்க்கறது எல்லாரும் செய்யறது. ரெண்டாவது, பேர் பாஸ்வேர்ட் எதுவும் குடுக்காம உள்ள போய், பட்டியலைக் காட்டுன்னு கேளுங்க. "அனுமதி இல்லை"ன்னு திட்டு வாங்கணும். திட்டு வாங்கினாத்தான் பாஸ். பட்டியல் வந்தா ஃபெயில். இந்த ரெண்டாவது சோதனையையே ஒரு சின்ன ஸ்கிரிப்டா எழுதி தினமும் ஓட்டலாம், பட்டியல் கிடைச்சா உங்களுக்கு மெயில் வர்ற மாதிரி.

ஆப் பக்கமும் ஒரு விஷயம். மெஷின் எழும்போது ஆப் முதல்ல எழுந்து டேட்டாபேஸைத் தேடும். டிரைவர் டீஃபால்ட்டா 30 விநாடி பார்த்துட்டுக் கைவிரிச்சுடும். அப்ப ஆப் சாகாம, கொஞ்சம் பொறுத்து மறுபடி முயற்சி பண்ற மாதிரி எழுதுங்க. இல்லைன்னா ஆப்புக்கும் அதே எஃப்-லாக் வரி.

பேக்கப்பைப் பத்தி நீளமாப் பேசப் போறதில்ல, அதுக்குத் தனி எபிசோட் வேணும். ஒண்ணு மட்டும். மாங்கோ-டம்ப் எடுக்கிற ஸ்கிரிப்டோட முதல் வரியில யூமாஸ்க் 077 போடுங்க. டேட்டாபேஸை இவ்வளவு பாடுபட்டுப் பூட்டிட்டு, அதோட முழுப் பிரதியை எல்லாரும் படிக்கிற அனுமதியோட விடறதை நான் நிறைய பார்த்திருக்கேன். சில பேர் டவுன்லோடு பண்ண வசதியா அதைப் பப்ளிக் ஹெச்டிஎம்எல் ஃபோல்டருக்குள்ளயே வைப்பாங்க. அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

எடுத்த பேக்கப்பை மாசத்துக்கு ஒரு தடவை உங்க லேப்டாப்ல திருப்பிப் போட்டுப் பாருங்க. 2017 ஜனவரி 31-ல கிட்லேப் கம்பெனியிலயே ஒரு ராத்திரி தவறுதலா மெயின் டேட்டாபேஸ் அழிஞ்சது. அது போஸ்ட்கிரெஸ். அஞ்சு விதமான பேக்கப் ஏற்பாடு இருந்தது, தேவைப்பட்ட நேரத்துல ஒண்ணும் கை குடுக்கல. ஒரு ஏற்பாடு பதிப்பு ஒத்துவராம தினமும் தோத்துக்கிட்டிருந்தது, தோத்த செய்தியைச் சொல்ற மெயிலும் போய்ச் சேரல. கடைசியில யாரோ ஆறு மணி நேரம் முன்னாடி வேற வேலைக்காக எடுத்து வெச்ச ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. அதை மறைக்காம, மீட்கிற வேலையை யூட்யூப்ல நேரலையாவே காட்டினாங்க. அந்த நேர்மைக்காக எனக்கு அவங்க மேல மரியாதை ஜாஸ்தி.

நம்ம நண்பர்கள் கடைசியா ஒண்ணு கேட்டாங்க. "இவ்வளவு பண்றதுக்குத் தனி விபிஎஸ்-க்கே போயிடலாமா?" போகலாம், ஆனா அங்க வராண்டா போய்க் கேட் உங்க பொறுப்பு ஆயிடும். ஃபயர்வால், அப்டேட், எல்லாம் நீங்கதான். நாலு பேர்ல ஒருத்தராவது மாசம் ஒரு சாயங்காலம் அதுக்கு ஒதுக்க முடியும்னா போங்க. முடியாதுன்னா இருக்கிற இடத்துல சாக்கெட்டோட இருங்க. எங்க இருந்தாலும், அந்தப் பட்டியல்ல ரெண்டு வருஷமா போன் எடுக்காதவங்க பேரை அழிச்சுடுங்க. இல்லாத நம்பரை யாரும் திருட முடியாது.

அவங்க அனுப்பின கடைசி மெயில்ல கான்ஃபிக் ஃபைல் இணைச்சிருந்தாங்க. ஆத் இருக்கு, சாக்கெட் இருக்கு. கேஷ் அளவு மட்டும் 2.5-ன்னு இருந்தது. புள்ளியைப் பாருங்கப்பான்னு பதில் போட்டிருக்கேன். அடுத்த வாரம் சந்திப்போம்.